வாசகர் கேள்வி-பதில்: பெயர்ப் பலகை தேடி ஒரு பைக் பயணம்

கேள்வி: தன் குடும்பப் பெயரிலேயே இருக்கும் ஊர்களாகப் பார்த்துப் பார்த்து பைக்கில் போய்வந்த ஒருவரைப் பற்றி நண்பர் சொன்னார். பலகைக்கு முன்னால் பைக்கை நிறுத்தி ஒரு படம், அப்புறம் அடுத்த ஊர். இதில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: பலகையில் ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்தப் பெயர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பிடித்துக்கொண்டு போனால் பயணம் தானாகவே ருசிக்க ஆரம்பித்துவிடும். ஹூஸ்டனையே எடுத்துக்கொள்ளுங்களேன். 12ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் ஹியூ என்று ஒருவர், அவர் பெயரால் ஓர் ஊர், அந்த ஊரின் பெயரால் ஒரு குடும்பம், அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு கடல் தாண்டியவர்களின் வழியில் வந்த சாம் ஹூஸ்டன் என்ற தளபதி, அவர் பெயரில் 1836-ல் டெக்சாஸில் பிறந்த நகரம். ஆளிலிருந்து ஊர், ஊரிலிருந்து ஆள், மறுபடி ஊர்! வாஷிங்டனும் இதே கதைதான்; வடகிழக்கு இங்கிலாந்தில் அந்தப் பெயரில் உள்ள ஊரிலிருந்துதான் ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்பத்துக்கே பெயர் வந்தது. பெரிய நகரம், சின்ன கிராமம் இரண்டில் எதற்குப் போவது என்று கேட்டால், யோசிக்காமல் கிராமம் என்பேன்.

கேள்வி: ஊர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? வரைபடத்தில் பெயரைத் தட்டினால் கடைகளும் தெருக்களுமாக வந்து கொட்டுகின்றன.

பதில்: அரசு வைத்திருக்கும் இடப்பெயர்ப் பட்டியலுக்குப் போங்கள். அமெரிக்காவில் யுஎஸ்ஜிஎஸ் என்ற புவியியல் ஆய்வுத் துறை, பிரிட்டனில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற வரைபட நிறுவனம். இரண்டிலும் இலவசமாகவே தேடலாம். ஊர், ஓடை, மலை என்று வகை பிரித்திருப்பார்கள். ‘மக்கள் வாழும் இடம்’ என்று போட்டிருப்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள், போய்ப் பார்த்தால் நாலு சாலை கூடும் ஒரு முக்கும் காற்றும்தான் இருக்கும். அமெரிக்காவில் நிறைய சிற்றூர்களுக்கு அங்கே முதலில் தபால் நிலையம் நடத்தியவரின் பெயரைத்தான் வைத்தார்கள். 1896-லிருந்து கிராமத்து வீடுகளுக்கே தபால் கொண்டுபோய்த் தர ஆரம்பித்ததும் குட்டித் தபால் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அவற்றோடு பல ஊர்ப் பெயர்களும் புழக்கத்திலிருந்து போயின. பலகை இல்லாவிட்டால் பழைய கல்லறைத் தோட்டத்தின் வாசலைப் பாருங்கள், பெயர் அங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெயரே மாறிப்போன ஊர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் 1933 வரை ஸ்டூவர்ட் என்றுதான் அழைக்கப்பட்டது. ஸ்டூவர்ட் குடும்பத்தாருக்கு ஊர் கைவிட்டுப் போனாலும் சாலை மிச்சம். அந்த ஊர் வழியாகப் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை 2,700 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. பைக் ஓட்டுபவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

கேள்வி: இப்படி ஒரு பயணத்துக்கு வண்டியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் பெட்ரோல். உங்கள் டேங்க் நிஜமாக எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று எதிர்க்காற்றில், முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், கம்பெனிக் கணக்கு அங்கே உதவாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவர் என்ற ஊரைத் தாண்டி மேற்கே போனால் சுமார் 170 கிலோமீட்டருக்கு பங்க் கிடையாது. நெடுஞ்சாலையே அப்படியென்றால், பட்டியலில் இருக்கும் குக்கிராமத்துச் சாலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து டயர். நேர்சாலையிலேயே நாள் முழுக்க ஓட்டினால் பின் டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேய்ந்து, வளைவில் சாய்க்கும்போது வண்டி ஒரு மாதிரி இடறி விழுவதுபோல் தோன்றும். அந்த டயரோடு ஜல்லிச் சாலையில் இறங்கினீர்களென்றால் முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள், ஹேண்டிலை இறுக்காமல் விடுங்கள், பார்வை தூரத்தில் இருக்கட்டும். பஞ்சர் கிட், செயினுக்குப் போடும் எண்ணெய், இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம், இவ்வளவு போதும். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை மாதிரி இடங்களில் இருட்டிய பிறகு ஓட்டவே ஓட்டாதீர்கள். கங்காருவும் மாடும் ஹாரனுக்கு ஒதுங்குவதில்லை.

அப்புறம் ஒன்று, ஞாபகத்துக்கு என்று பலகையைக் கழற்றிக்கொண்டு வராதீர்கள். சிரிக்காதீர்கள், செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: என் பெயரில் உள்ள ஊருக்குப் போனால் அங்கிருப்பவர்கள் எனக்குச் சொந்தக்காரர்களாக இருப்பார்களா?

பதில்: அனேகமாக இல்லை. ஊர்ப் பெயர் குடும்பப் பெயராக மாறியது பெரும்பாலும் ஊரை விட்டு வெளியேறியவர்களுக்குத்தான். இங்கிலாந்தில் லிங்கன் என்ற ஊருக்குள்ளேயே இருப்பவரை ‘லிங்கன்காரர்’ என்று கூப்பிட்டு யாருக்கு என்ன பயன், எல்லோருமே அந்த ஊர்தானே! வேறு ஊருக்குப் போன பிறகுதான் அந்த அடையாளம் தேவைப்படுகிறது. ஆகவே மூல ஊரில் உங்கள் பெயர்க்காரர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம், அதற்காக மனம் விட்டுவிடாதீர்கள்.

புதிய ஊர்களில் நிலைமை வேறு. அமெரிக்காவின் இல்லினாயில் உள்ள லிங்கன் என்ற ஊருக்கு 1853-ல், ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாவதற்கு முன்பே, அந்த ஊருக்கான பத்திரங்களை எழுதிக்கொடுத்த வக்கீல் என்பதால் அவர் பெயரை வைத்தார்கள். அவரே தர்பூசணிச் சாற்றை ஊற்றி ஊரைத் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். வக்கீலுக்கும் அங்கே குடியேறியவர்களுக்கும் என்ன ரத்த உறவு? வம்சாவளி தேடுகிறீர்களென்றால் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள், பைக் வேண்டாம். இது பைக்குக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். ஆனால் நல்ல சாக்கு. வழிகாட்டிப் புத்தகம் எதுவும் அனுப்பாத இடத்துக்கு அனுப்பும்.