புதுக் கணினி வாங்கியாயிற்று. பத்து வருடத்துக்கு முன் விட்ட ஆன்லைன் ரோல்பிளேயிங் கேமுக்குத் திரும்பினால் பழைய மாதிரி இருக்குமா?

பழைய மாதிரி இருக்காது. ஆனாலும் போங்கள். நான் போனேன், இரண்டு வருடமாக வாரத்தில் நாலு ராத்திரி அங்கேதான் கிடக்கிறேன்.

என்னுடையது கில்ட் வார்ஸ் 2. நமக்கென்று ஓர் ஆளை உருவாக்கி, இணையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கற்பனை உலகத்தில் திரிகிற வகை. 2012 ஆகஸ்டில் வெளியான கேம். மாதச் சந்தா இல்லை, ஒரு முறை காசு கொடுத்தால் முடிந்தது என்பதால்தான் கல்லூரியில் படித்த எனக்கு எட்டியது. வீடு நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். எங்கள் பிராட்பேண்டில் அத்தனை ஜிபியை இறக்குவது நடக்காத காரியம். 2013 பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த சித்தி பையன் ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்தான். அந்த கேம் கிட்டத்தட்ட மொத்தமும் ஒரே பெரிய கோப்பாகக் கிடக்கும். அவன் டிஸ்க்கோ எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்தது. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை அது வாங்காது. அதனால் துண்டு போட்டு எடுத்துவந்திருந்தான். மாட்டுப் பொங்கலன்று தெருவே மாடு குளிப்பாட்டிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் உள்ளே கோப்பை ஒட்டிக்கொண்டிருந்தோம்.

கணினி கோர் 2 டுவோ, 2 ஜிபி ராம், பேருக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. எல்லா செட்டிங்கையும் அடிமட்டத்துக்கு இறக்கித்தான் ஆட முடிந்தது. தூரத்தில் இருப்பதெல்லாம் மார்கழிப் பனியில் தெரிவது மாதிரிதான் தெரியும். நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து ஒரு டிராகனை அடிக்கிற இடத்துக்குப் போனால் படம் நகரவே நகராது, எண்ணெயில் எடுத்த அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். போதாததற்கு மின்வெட்டு. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வருடங்கள் மறந்திருக்காது. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. மோடமும் அதே யூபிஎஸ்ஸில்தான். அது கத்த ஆரம்பித்தால் என் ஆளை ஓரமாக நிறுத்திவிட்டு வெளியேற ஏழெட்டு நிமிடம் கிடைக்கும்.

அம்மா பின்னால் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே பார்ப்பாள். கேமில் லயன்ஸ் ஆர்ச் என்று ஒரு துறைமுக நகரம் உண்டு. பழைய கப்பல்களைக் கொண்டே கட்டிய ஊர். "கப்பலைக் கவுத்துப் போட்டு வீடு கட்டியிருக்கானுவ பாரு" என்று அதிசயப்படுவாள். கேமில் வேறு எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருடம் ஐப்பசி அடைமழையில் கொல்லைத் தென்னையில் இடி விழுந்தது. டெலிபோன் ஒயர் வழியாக வந்து மோடத்தையும் மதர்போர்டையும் ஒரே அடியில் தின்றுவிட்டது. அப்புறம் கோயம்புத்தூரில் வேலை, ஆபீஸ் லேப்டாப். கேம் அதோடு போயிற்று.

2020இல் வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்தவன், 2023இல்தான் கணினியைத் தொட்டேன். பழைய கேபினட்டும் மானிட்டரும் இருக்க, உள்ளே எல்லாம் புதுசு: ரைசன் 5 5600ஜி பிராசசர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கவில்லை. அந்த சிப்புக்குள்ளேயே சுமாரான ஒன்று இருக்கிறது, பதினோரு வருடப் பழைய கேமுக்கு அது போதும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான், மாட்டித் தந்த கடையில்தான் கோட்டை விட்டார்கள். 16 ஜிபி ராமை ஒரே குச்சியாகப் போட்டுவிட்டார்கள். இவ்வளவு செலவு செய்தும் கேம் திணறியது.

நீங்களும் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் வாங்கியிருந்தால் இதை முதலில் பாருங்கள். சிப்புக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ராமைத்தான் பங்கு கேட்கும். ஒரே குச்சி என்றால் ஒரே மடையில் தண்ணீர் வருகிற மாதிரி. இரண்டு 8 ஜிபி குச்சியாக மாற்றினால் இரண்டு மடையும் திறந்துகொள்ளும். அதோடு பயாஸுக்குள், அதாவது கணினி எழும்போது முதலில் ஓடுகிற போர்டின் செட்டிங்குக்குள் போய், ராம் அதன் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பல போர்டுகள் தானாக அதைத் தருவதில்லை. இந்த இரண்டும் செய்த அன்று ராத்திரிதான் எனக்குக் கணினி வாங்கிய மாதிரியே இருந்தது.

பழைய கேம் அக்கவுண்டைத் திறப்பது தனி வேலை. புது இடத்திலிருந்து நுழைந்ததும் பழைய மின்னஞ்சலுக்கு உறுதிசெய்யச் சொல்லி அனுப்பியது. அந்த மின்னஞ்சலோ கல்லூரிக் காலத்து சிம்மோடு கட்டப்பட்டது, சிம் எப்போதோ காலாவதி. ஒரு வாரம் அலைந்து மீட்டேன். கேமை இறக்குவதற்கு முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனால் தபால்பெட்டி பளிச்சிடுகிறது. கில்ட் வார்ஸ் 2இல் நாம் உருவாக்கிய ஒவ்வோர் ஆளுக்கும் வருடா வருடம் பிறந்தநாள் பரிசு வரும். நான் இல்லாத வருடங்களின் பரிசெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நிஜப் பிறந்தநாளுக்கே இத்தனை பேர் வாழ்த்துவதில்லை.

திரும்பி வருபவனுக்கு இந்த கேம் நல்லதென்று நான் சொல்வதற்குக் காரணம் அந்தப் பரிசு இல்லை. உச்ச லெவல் 2012இலும் 80, இன்றும் 80. மற்ற பல கேம்களில் இரண்டு வருடம் கழித்து வந்தால் கையில் இருக்கும் வாள் பழைய இரும்புக்குச் சமம். இங்கே என் பழைய வில் இன்னும் வேலை செய்கிறது. ஆனால் 2015இல் திறன் அமைப்பையே மாற்றியிருந்தார்கள், எந்தப் பொத்தான் எதற்கென்று ஒன்றும் விளங்கவில்லை. பழைய ஆளை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஒருவனை உருவாக்கி ஆரம்பக் காட்டிலிருந்து இரண்டு ராத்திரி நடந்தேன். விரலுக்கு ஞாபகம் வந்த பிறகுதான் பழையவனை எழுப்பினேன். நீங்கள் எந்த கேமுக்குத் திரும்பினாலும் இப்படிச் செய்வதுதான் நல்லது.

சர்வர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்தான் என்பதால் நமக்குத் தாமதம் இருக்கவே இருக்கும். அடி விழுவதற்குக் கொஞ்சம் முன்பே உருண்டு தப்பப் பழகிக்கொள்ள வேண்டும். டெக்வாட்டில் என்ற அந்த டிராகன் குறித்த நேரங்களில் வரும். நம்ம நேரப்படி இரவு ஒன்பதரைக்கு ஒரு முறை, சாப்பிட்டு உட்காரச் சரியாக இருக்கிறது. இப்போது படம் விறைப்பதில்லை. ஆனாலும் அத்தனை கூட்டத்தில் புதுக் கணினியும் கொஞ்சம் மூச்சு வாங்கும், ஏனென்றால் இந்த கேம் பாரத்தைப் பெரும்பாலும் பிராசசரின் ஒரு கோரின் தலையில் ஏற்றுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் இது தீராது. திரையில் எத்தனை ஆட்களைக் காட்ட வேண்டும் என்ற செட்டிங்கைக் குறையுங்கள், தீரும்.

ஒன்றே ஒன்றுதான் கைக்கு வரவில்லை. எல்லா செட்டிங்கையும் ஏற்றிவிட்டு நான் முதலில் பார்க்கப் போனது லயன்ஸ் ஆர்ச்சை. அங்கே கப்பல் வீடு ஒன்றுகூட இல்லை. 2014 பிப்ரவரியில் கதையில் ஒரு படையெடுப்பை வைத்து அந்த ஊரை இடித்துவிட்டார்கள். அடுத்த வருடம் வேறு மாதிரி கட்டினார்கள். ஊரை இடித்தபோது எங்கள் தென்னையில் இடி விழுந்து நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஊரே திரண்டு ஓடிய நாளில் நான் இல்லை. பனிமூட்டத்தில் பார்த்த ஊரை வெயிலில் பார்க்கலாம் என்று வந்தால் ஊரே இல்லை.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அந்தக் கப்பல் வீடெல்லாம் எங்கடா?" என்றாள். பழைய ஹார்ட் டிஸ்க் இடியில் பிழைத்திருந்தது. கேபிளைச் செருகித் தேடினதில் 2013இல் எடுத்த ஸ்கிரீன்ஷாட் பதினொன்று கிடைத்தது. ஒன்றில் கலங்கரை விளக்கம், அதன் கீழே சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று திட்டு. அதுதான் கப்பல் வீடு என்றேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தாள்.

"இது இல்லடா, அது நல்லா பளிச்சுன்னு இருக்கும்."