இடி விழும் மலையில் கணக்கை எங்கே வைப்பது?

கேள்வி: வண்டன்மேட்டில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறேன். வீடு கம்பத்தில். சனிக்கிழமை இரவு மலை இறங்கினால் திங்கள் காலை கம்பம்மெட்டு வழியாகத் திரும்புவேன். கணக்கு முழுவதும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. ஸ்கேன் செய்த சீட்டுகள் 60 ஜிபி வரை சேர்ந்துவிட்டன. போன துலாம் (ஐப்பசி) மாத மழையில் இடி விழுந்து பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டர் கருகியது. இரண்டு ஹார்ட் டிஸ்க் கொண்ட நெட்வொர்க் பெட்டி ஒன்றை வாங்கச் சொல்கிறார் கம்ப்யூட்டர் கடைக்காரர். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாகப் பதிவாகுமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் பயம் இடியைப் பற்றியது. அந்தப் பெட்டியோ டிஸ்க்குகளில் ஒன்று பழுதானால் மட்டுமே கைகொடுக்கும். மின்கம்பியிலோ பிராட்பேண்ட் கேபிளிலோ இடி பாய்ந்தால் உள்ளே இருக்கும் இரண்டும் சேர்ந்தே போகலாம். ஒரு கோப்பைக் கைதவறி அழித்தாலும் இரண்டிலும் அழியும்.

அதைவிடக் குறைந்த செலவில் 1 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். உங்கள் அளவுக்கு அது தாராளம். வெவ்வேறு கம்பெனியாக இருந்தால் நல்லது. வாரண்டி ஆண்டுகளைப் பார்த்து மயங்காதீர்கள். பழுதானால் புது டிஸ்க் தருவார்கள், கணக்கைத் தர மாட்டார்கள்.

மாலை கடை சாத்தும்போது டேலியில் உள்ள பேக்கப் வசதியையே பயன்படுத்துங்கள். டேலி திறந்திருக்கும்போது கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் அரைகுறையாகப் போகலாம். அந்த பேக்கப்பையும் அன்றைய சீட்டுகளையும் டிஸ்க்கில் ஏற்றியதும் உடனே கழற்றிவிடுங்கள். செருகியே கிடக்கும் டிஸ்க்கை இடியும் விடாது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸும் விடாது. சனிக்கிழமை அந்த டிஸ்க் உங்களோடு கம்பம் போகட்டும். திங்களன்று மற்றது மேலே வரட்டும். ஒரு பிரதியாவது வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பார்கள். மலை ஏறி இறங்கும் உங்களுக்கு அது தனிச் செலவே இல்லை.

வழியில் தொலையக்கூடும் என்பதால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். விண்டோஸ் புரோவில் அதற்கான பிட்லாக்கர் வசதி இருக்கிறது. இல்லையென்றால் வெராகிரிப்ட் என்ற மென்பொருள் இலவசம். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஏலக்காயை ஈரம் ஏறாமல் கட்டி வைக்கத் தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூகுள் இணையத்தில் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தில் டேலி பேக்கப்பை மட்டும் வாரம் ஒருமுறை ஏற்றலாம். ஜிமெயிலும் அதே 15 ஜிபியில்தான் அடங்குகிறது என்பது நினைவிருக்கட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பேக்கப்பை மீட்டு, ஏதாவது ஒரு மாதப் பேரேட்டைத் திறந்து பாருங்கள். பலரும் தவிர்க்கும் வேலை இது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். திறக்காத கோப்பை அதிகாரியிடம் காட்ட முடியாது.

கேள்வி: ஆன்லைனில் 2 டெராபைட் பென் டிரைவ் 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேக்கப்புக்கு வாங்கலாமா? (குமுளி வாசகர்)

பதில்: அந்த விலைக்கு 2 டெராபைட் வராது. உள்ளே 32 அல்லது 64 ஜிபி சிப்பை வைத்து, கம்ப்யூட்டரிடம் மட்டும் பெரிய கணக்குச் சொல்லும் போலிகள் இவை. நிரம்பிய பிறகு பழைய கோப்புகளின் மேலேயே எழுதும், எச்சரிக்கையும் வராது. ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் சோதித்து, முடிவைப் படமெடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புங்கள். பணம் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.