தப்பை முதலில் சொன்னவருக்கு என்ன நடந்தது?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து முந்நூறு பேர். போன மாதம் நேவி ப்ளூ டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில் உடல் ஒரு ஷேட், கை ஒரு ஷேட் என்று ஆகிவிட்டது. பேக்கிங்கில்தான் பிடித்தோம். விசாரித்தால், துணியை விரித்த அன்றே கட்டிங் மாஸ்டருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. லைன் சூப்பர்வைசரும் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. இப்போது கட்டிங் மாஸ்டர், ஆர்டரை ஆரம்பம் முதல் ஷிப்மென்ட் வரை கவனிக்கும் மெர்ச்சண்டைசரைக் கைகாட்டுகிறார், மெர்ச்சண்டைசர் சாயம் போடும் டையிங்கைக் கைகாட்டுகிறார். எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினேன், ஊட்டிக்கு டூர்கூடக் கூட்டிப்போனேன். ஒருவரையொருவர் நம்பி, பொறுப்பெடுத்து வேலை செய்யவைப்பது எப்படி?

பதில்: டூர் போனது நல்ல விஷயம்தான், ஆனால் உங்கள் பிரச்சினை அதில் தீராது. இவர்களுக்குள் பகை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கட்டிங் மாஸ்டர் இருந்த இடத்தில் நின்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ரோலை விரித்ததும் நிறம் லேசாக மாறியிருப்பது கண்ணில் படுகிறது. ஓடிவந்து சொன்னால் கட்டிங் நிற்கும். மெர்ச்சண்டைசர் ஷிப்மென்ட் தேதியைச் சொல்லிச் சத்தம்போடுவார். “வந்த ரோலை அப்பவே பார்க்க வேண்டியதுதானே?” என்று கேள்வி அவர்மீதே திரும்பும். சொல்லாமல் விட்டால், செக்கிங்கில் யாரும் கவனிக்காமல் சரக்கு போய்விடலாம். மாட்டினாலும் பழி நாலு டிபார்ட்மென்ட்டுக்குப் பங்காகப் பிரிந்துவிடும். இந்தக் கணக்கில் பேசாமல் இருப்பதுதான் அவருக்கு லாபம். அந்தக் கணக்கை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை. நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் ஓயாத சண்டை, ஏராளமானோர் வேலைக்கு வராத நாட்கள், மோசமான தரம் என்று பெயர் கெட்டு, 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவோடு கூட்டாக அதே இடத்தில் மறுபடி திறந்தார்கள். எடுத்த ஆட்களில் பெரும்பாலானவர்கள் அங்கே வேலைபார்த்த பழைய ஆட்கள்தான், யூனியனும் அதேதான். சீக்கிரமே அங்கிருந்து வந்த கார்களின் தரம் நாடே திரும்பிப் பார்க்கும்படி உயர்ந்தது.

மாறியவற்றில் முக்கியமான ஒன்று, லைன் நெடுகத் தொங்கிய ஒரு கயிறு. பழைய முறையில் எது நடந்தாலும் லைன் நிற்கக் கூடாது. புதிய முறையில் கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம், இழுக்கவும் வேண்டும். இழுத்த உடனே லைன் நின்றுவிடாது. விளக்கு எரியும், இசை ஒலிக்கும், குழுத் தலைவர் அந்த இடத்துக்கு வந்து நிற்பார். கார் அந்த நிலையத்தைத் தாண்டுவதற்குள் சரியாகிவிட்டால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், ஆகாவிட்டால் நிற்கும். வந்து நிற்கிற தலைவர் முதலில் என்ன பிரச்சினை என்று கேட்டு, சரிசெய்யக் கைகொடுப்பார். கயிறு வாங்கிக் கட்டுவது யாராலும் முடியும். இழுத்தவர் திட்டு வாங்காமல் திரும்ப வேலைக்குப் போனதால்தான் அடுத்தவரும் இழுத்தார்.

உங்கள் கம்பெனிக்கு இதைக் கொண்டுவரும்போது கூலி முறையையும் பார்க்க வேண்டும். தையல் லைனில் பீஸ் ரேட், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி, போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் பேசுவதற்கு டெய்லர் தன் கையிலிருந்து காசு கொடுக்கிறார் என்று அர்த்தம். கை பீஸை உடலோடு வைத்து ஓவர்லாக் தையல் மெஷினில் தள்ளும் பெண்மணிக்கு நிற வித்தியாசம் யாரையும்விடத் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் இரண்டு துணியும் பக்கத்துப் பக்கத்தில் அவர் விரலுக்கடியில் இருக்கின்றன. ஆனால் எழுந்துபோய்ச் சூப்பர்வைசரிடம் சொல்லி, அவர் போய் இன்னொருவரைக் கூட்டிவந்து முடிவெடுப்பதற்குள் எத்தனை பீஸ் போயிருக்கும்! அந்த நேரத்துக்குக் கூலி உண்டு என்று அறிவித்து, அந்த வாரச் சம்பளத்திலேயே சேர்த்துக் கொடுங்கள். இதைச் செய்யாமல் ‘எல்லாரும் பொறுப்போடு இருங்கள்’ என்று சுவரில் எழுதிவைப்பது நியாயமில்லை என்றே சொல்வேன்.

அப்புறம், செய்தி உங்களிடம் வந்த முதல் பத்து நிமிடம். ஒருவர் “சார், இந்த லாட்ல ஷேட் சரியில்ல” என்று வந்தால், முதலில் “நல்ல வேளை சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு, அவரோடு மேஜைக்கு நடங்கள். ட்யூப் லைட்டில் ஒன்றாகத் தெரிகிற நிறம் பகல் வெளிச்சத்தில் பிரிந்து தெரியலாம். அதனால் இரண்டு பீஸையும் நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் வைத்தோ, வாசலுக்குக் கொண்டுபோயோ சேர்ந்து பாருங்கள். அவர் சந்தேகம் தப்பாகவே இருந்தாலும், நாலு பேர் முன்னால் “இதுக்கா கூப்பிட்டீங்க?” என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையை லைன் முழுக்கக் கேட்கும், அடுத்த ஆறு மாதத்துக்கு யாரும் வரமாட்டார்கள். யாருடைய தப்பு என்ற விசாரணையைப் பீஸ் காப்பாற்றப்பட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சரி, எல்லாரையும் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் பொறுப்பு எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொறுப்பு தவறு நடந்த பிறகு தேடிக் கண்டுபிடிக்கிற ஒன்றாக இருப்பதுதான் இப்போதைய சிக்கல். வேலை ஆரம்பிக்கும்போதே அதைப் பெயர்போட்டுக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கதையில் ஓட்டை விழுந்தது டிபார்ட்மென்ட்டுகளுக்குள்ளே இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிற இடத்தில். டையிங்கிலிருந்து துணி வந்ததும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி ஒரு லாட்) ஒரு துண்டு வெட்டி அட்டையில் வரிசையாக ஒட்டி, கட்டிங் மேஜைக்கு மேலே மாட்டுங்கள். ‘இந்த லாட்டும் அந்த லாட்டும் கலக்கலாம் அல்லது கூடாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது மெர்ச்சண்டைசர் வேலை. அது இல்லாமல் விரிக்காமல் இருப்பது கட்டிங் மாஸ்டர் உரிமை. வெட்டிய பண்டலில் லாட் நம்பர், லே நம்பர் (எந்த அடுக்காக விரித்து வெட்டியது என்ற எண்) எழுதி ஒட்டுவதற்கு ஒருவர் பெயர், நம்பர் பொருந்துகிறதா என்று பார்த்து லைனில் ஏற்றுவதற்கு ஒருவர் பெயர். ‘டிபார்ட்மென்ட் பொறுப்பு’ என்று எழுதினால் யாருடைய பொறுப்பும் இல்லை. ஆள் பெயர் வேண்டும். அவர் லீவு போட்டால் யார் என்பதும் வேண்டும்.

இதற்குப் பிறகும் தவறு நடக்கும். தெரியாமல் செய்தவர், தெரிந்து வந்து சொன்னவர், ஒரே அசட்டையைத் திரும்பத் திரும்பச் செய்பவர், தெரிந்தும் மறைத்தவர், இந்த நாலு பேரையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள். முதலாமவருக்குப் பயிற்சி, இரண்டாமவருக்கு நன்றி. மூன்றாமவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தேதியோடு பேச வேண்டும். மறைத்தவரிடம் கண்டிப்பு தேவைதான், ஆனால் புதிய விதியைச் சொன்ன பிறகு மறைத்தவரிடம். உங்கள் கட்டிங் மாஸ்டரும் சூப்பர்வைசரும் பழைய விதிப்படி நடந்தவர்கள். அவர்களுக்கு மெமோ கொடுக்காதீர்கள். தனித்தனியாக உட்காரவைத்து, “அன்னைக்குச் சொல்லணும்னு நினைச்சப்போ எது தடுத்துச்சு?” என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரே அதில் வந்தாலும் வாதாடாதீர்கள்.

காலை மீட்டிங் வேண்டுமா? வேண்டும், நின்றபடியே பத்து நிமிடம் போதும். நேற்று ஒப்புக்கொண்டது முடிந்ததா, இன்று எங்கே இடிக்கும், யாருக்கு யாருடைய உதவி வேண்டும். நீங்கள் ஒப்புக்கொண்டதை முதலில் சொல்லுங்கள். மூன்று நாளாகக் கேட்கும் ஊசியை வாங்கிக் கொடுக்காத மேனேஜர் மற்றவர்களிடம் பொறுப்பு பேச முடியாது.

இன்னொன்றுக்கு இப்போதே தயாராகிக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் ஆரம்பித்ததும் ரிஜிஸ்டரில் தவறுகளின் எண்ணிக்கை ஏறும். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருப்பதைக் கண்டு திகைத்தார். அந்தக் குழுக்களில் பிழையைப் பேச முடிந்தது, அதனால் அது கணக்கில் வந்தது. உங்கள் முதலாளி இதை எதிர்பார்க்காமல் ரிஜிஸ்டரைப் பார்த்தால், “நீ வந்து ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் தப்பு கூடிருக்கு” என்பார்.

அதனால் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் போய்ப் பேசிவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கை ஏறும், லைனில் வந்து யாரையும் சத்தம்போடாதீர்கள், கோபம் இருந்தால் என்னைக் கூப்பிட்டுத் திட்டுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்தக் குறை, எந்தக் கட்டத்தில், யார் சொல்லிப் பிடிபட்டது, அதே குறை பேக்கிங் வரை போயிருந்தால் எத்தனை பீஸ், எவ்வளவு துணி, மறுபடி தைக்க எத்தனை நாள், கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பினால் எவ்வளவு ரூபாய். போன மாத நேவி ப்ளூ ஆர்டரின் கணக்கை முதல் பக்கமாக வையுங்கள்.