எரிமலைக் காட்டுல ஓடை ஓரமா ஓடலாமா?

கேள்வி: அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்துல பெண்ட் ஊர்ல இருக்கேன். ரோட்டுல 10 கி.மீ. ஓடுவேன். பாலினா ஓடை ட்ரெயில் (காட்டுப் பாதை) எனக்கு சரிப்படுமா?

பதில்: தாராளமா போங்க, ஆனா ரோட்டு வேகத்தை மறந்துடுங்க. நியூபெரி எரிமலை மேல இருக்கற பாலினா ஏரியிலிருந்து வர்ற ஓடை அது, கீழருந்து ஏரி வரைக்கும் சுமார் 14 கி.மீ., கிட்டத்தட்ட 600 மீட்டர் ஏத்தம், அதனால முதல் தடவை பாதியில திரும்பிடறதுதான் புத்திசாலித்தனம். காலடியில இருக்கறது மண்ணு இல்ல, ப்யூமிஸ் தூள், குதிகால் தேய்க்க கடையில வாங்குவோமே அந்தக் கல்லேதான், கோடையில காஞ்சு பொதபொதன்னு கால் உள்ள போகும், கெண்டைக்கால் கெஞ்சும், சின்ன சின்ன அடியா வைங்க, ஷூவுக்குள்ள தூள் போகாம கெய்ட்டர் (ஷூ வாயையும் கணுக்காலையும் மூடற துணி உறை) போட்டுக்கோங்க.

பாண்டரோசா பைன் மரப்பட்டையில மூக்கை வச்சுப் பாருங்க, வெயில்ல வெனிலா வாசம் வரும், எனக்கு அதுக்காகவே திரும்பப் போகணும்னு இருக்கும்!

சைக்கிள்காரங்களுக்கு இந்த ட்ரெயில்ல மேல ஏற மட்டும்தான் அனுமதி, அதனால நீங்க இறங்கும்போது எதிர்ல வருவாங்க, வளைவுல காதுல இயர்போன் வேணாம். ஜூன்லகூட மேல பனி இருக்கலாம், கிளம்பறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. ஓடைத் தண்ணிய ஃபில்டர் பண்ணாம குடிக்காதீங்க.