அலெக்சாண்டர் எப்படிப்பட்ட மனிதர்? பாபிலோனில் அவருக்கு நஞ்சு வைத்தார்களா?

பள்ளிப் பாடம் 'மாவீரர்' என்று சொல்லும் அலெக்சாண்டரை இன்னொரு தரப்பு வெறும் கொலைகாரன் என்கிறதே, இதில் எது சரி, 32 வயதில் அவர் செத்தது நோயாலா நஞ்சாலா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நஞ்சு என்று நான் நம்பவில்லை, காய்ச்சல்தான். ஆனால் அந்தக் காய்ச்சல் ஆளையே கொண்டுபோனதில் அவருடைய குணத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. அவருக்கும் வைத்தியர்களுக்கும் இடையே நடந்ததை மட்டும் எடுத்துப் பார்த்தாலே இது புரியும்.

கி.மு. 333. இன்றைய துருக்கியின் தெற்கே இருக்கும் தார்சஸ் நகரம். சிட்னஸ் ஆற்றின் சில்லென்ற தண்ணீரில் குளித்த அலெக்சாண்டர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். பாரசீகப் பேரரசர் டேரியஸ் வேறு படை திரட்டிக்கொண்டிருக்கிறார். மருந்து கொடுக்க எந்த வைத்தியரும் முன்வரவில்லை. பலிக்காமல் போனால் அலெக்சாண்டரின் நாட்டவரான மாசிடோனியர்கள் தங்கள் மேல்தான் பழி போடுவார்கள் என்று பயந்தார்களாம், பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். அகர்னானியாக்காரரான பிலிப் என்ற வைத்தியர் மட்டும் துணிந்து மருந்து தயாரித்தார். அதே சமயம் மூத்த தளபதி பார்மேனியனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிலிப்பை நம்பாதீர்கள், டேரியஸ் அவரை விலைக்கு வாங்கிவிட்டார் என்று. அலெக்சாண்டர் யாரிடமும் காட்டாமல் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிலிப் கோப்பையோடு உள்ளே வந்ததும் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் படிக்கப் படிக்க மருந்தைக் குடித்து முடித்தார். பிழைத்தும் எழுந்தார்.

கொஞ்சம் நாடகத்தனமான காட்சிதான். ஆனாலும் புளூட்டார்க், அர்ரியன், குர்ட்டியஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர்கள் மூவருமே இதைச் சொல்கிறார்கள். 23 வயதில் அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். சந்தேகப்படக் காரணம் இருந்தும் நம்பத் தெரிந்தவர். அதே ஆண்டு இஸ்ஸஸ் போரில் சிறைபட்ட டேரியஸின் தாயையும் மனைவி மக்களையும் அரச மரியாதையோடு வைத்துக்கொண்டதும் இதே ஆள்தான்.

அந்தக் கடிதம் எழுதிய பார்மேனியன் என்ன ஆனார் தெரியுமா? கி.மு. 330-இல் அவருடைய மகன் ஃபிலோட்டாஸ் ஒரு சதியைக் கேள்விப்பட்டும் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார். மகனைக் கொன்ற பிறகு தகப்பனை உயிரோடு விடுவது ஆபத்து என்று, இன்றைய ஈரானில் இருக்கும் எக்பட்டானாவுக்கு ஆள் அனுப்பி, சுமார் 70 வயதான பார்மேனியனையும் தீர்த்துக்கட்டினார்கள். விசாரணை எதுவும் கிடையாது. இரண்டு வருடம் கழித்து, இன்றைய சமர்கண்டில் நடந்த ஒரு விருந்தில், குடிபோதை வாக்குவாதத்தில் தன் தளபதி கிளைட்டஸை அலெக்சாண்டர் தன் கையாலேயே ஈட்டியால் குத்திக் கொன்றார். கிரானிக்கஸ் ஆற்றுப் போரில் அவர் தலைமேல் இறங்க இருந்த வாளைத் தடுத்து உயிரைக் காப்பாற்றியவர் இந்தக் கிளைட்டஸ். கொன்ற பிறகு நாள் கணக்கில் சாப்பிடாமல் கிடந்து அழுதார் என்கிறார்கள். அழுதது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

கிரேக்கத்தின் தீபஸ் நகரத்தைத் தரைமட்டமாக்கி சுமார் 30,000 பேரை அடிமைகளாக விற்றது, இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கே மசாகா என்ற ஊரில் சமாதானம் பேசி வெளியே வந்த கூலிப்படையினரை வெட்டிச் சாய்த்தது எல்லாம் கணக்கில் உண்டு. மசாகா விஷயத்தை அவருடைய போர்ப் புகழுக்கு விழுந்த கறை என்று புளூட்டார்க்கே சொல்கிறார். அவர் அலெக்சாண்டரை ரசித்து எழுதியவர், அதனால் அந்த வார்த்தைக்குக் கூடுதல் எடை கொடுக்கலாம்.

சரி, வைத்தியர்களிடம் திரும்புவோம். போரஸோடு போர் முடிந்து, பியாஸ் நதிக்கரையில் படை இனி வரமாட்டேன் என்று நின்றுவிட, திரும்பும் வழியில் முல்தான் பக்கம் மல்லி என்ற இனத்தாரின் கோட்டை ஒன்றை முற்றுகையிட்டார்கள். வீரர்கள் ஏறத் தயங்குகிறார்கள் என்று அரசரே மதிலேறி, இரண்டு மூன்று பேரோடு உள்பக்கம் குதித்துவிட்டார். துணிச்சல் என்று சிலர் கொண்டாடுவார்கள், எனக்கு அது பொறுப்பில்லாத்தனமாகத்தான் படுகிறது. நெஞ்சில் அம்பு பாய்ந்தது. ரத்தத்தோடு மூச்சும் காயத்தின் வழியே வெளியேறியதாக அர்ரியன் எழுதுகிறார், அப்படியென்றால் நுரையீரல் வரை போன காயம். அம்புமுனையை எடுக்க வந்த கிரிடோபுலஸ் என்ற வைத்தியருக்குக் கை ஓடவில்லை. ஏதாவது ஆனால் தன் தலை போகுமே என்று கண்ணீர்விட்டு நின்றாராம். நோயாளிதான் வைத்தியருக்குத் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது.

கி.மு. 324 இலையுதிர்காலம், மறுபடியும் எக்பட்டானா. அலெக்சாண்டரின் உயிர்த்தோழர் ஹெஃபெஸ்தியோனுக்குக் காய்ச்சல். வைத்தியர் நாடகம் பார்க்கப் போன நேரத்தில், பத்தியத்தை மீறி அவர் வேகவைத்த கோழியைத் தின்று ஒரு பெரிய கலயம் ஒயினையும் குடித்துச் செத்துப்போனார் என்பது புளூட்டார்க் தரும் கதை. அலெக்சாண்டர் அந்த வைத்தியரைக் கொல்லச் சொன்னார். சிலுவையில் அறைந்ததாகப் புளூட்டார்க்கும், தூக்கிலிட்டதாக அர்ரியன் தரும் கதைகளில் ஒன்றும் சொல்கின்றன. குதிரைகளின் பிடரிமயிரை வெட்டச் சொன்னார், நண்பனின் ஆவிக்குப் பலி என்று மலைவாழ் கொசேயர்களை வேட்டையாடினார்.

இது நடந்து எட்டு மாதத்தில் அவருக்கே காய்ச்சல் வந்தது. எந்த வைத்தியர் 'அரசே, குளிக்காதீர்கள், குடிக்காதீர்கள், பேசாமல் படுங்கள்' என்று சொல்லியிருப்பார்?

கி.மு. 323 மே கடைசி, பாபிலோன். லாரிசாவைச் சேர்ந்த மீடியஸ் என்பவரின் விருந்தில் இரவு முழுக்கக் குடி, மறுநாளும் அங்கேயே குடி. காய்ச்சல் தொடங்கியது. அதற்குப் பிறகு நடந்ததை அரசவை நாட்குறிப்பு என்ற பெயரில் அர்ரியனும் புளூட்டார்க்கும் நாள் வாரியாகத் தருகிறார்கள். குளித்தார், கட்டிலில் தூக்கிக்கொண்டு போய்ப் பலி செலுத்தினார்கள், அரேபியப் படையெடுப்புக்கான கப்பல்கள் எப்போது புறப்படும் என்று தளபதிகளுக்கு உத்தரவு போட்டார், மறுபடி குளித்தார், மறுபடி பலி. காய்ச்சல் விடவே இல்லை. கடைசியில் பேச்சு நின்றது. சிப்பாய்கள் கலாட்டா செய்து உள்ளே வந்து வரிசையாகக் கடந்துபோக, தலையை லேசாகத் தூக்கிக் கண்ணாலேயே விடைகொடுத்தார். ஜூன் 10 அல்லது 11-இல் உயிர் போனது. பாபிலோனிய வானியலாளர்களின் களிமண் பலகை ஒன்று, அரசர் இறந்தார், வானம் மேகமூட்டம் என்ற அளவில் அதைப் பதிவு செய்திருக்கிறது. வைத்தியர்களை அழைத்தார்கள், யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை என்று இன்னொரு பழைய வரலாற்றாசிரியர் டியோடோரஸ் ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அர்ரியன் தரும் நாட்குறிப்பில் வைத்தியர் என்ற பேச்சே இல்லை.

இப்போது நஞ்சுக் கதை. சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாசிடோனியாவை அரசர் சார்பில் ஆண்டுவந்த ஆன்டிபேட்டரைப் பதவியிலிருந்து நீக்கி, தளபதி கிரட்டெரஸை அனுப்ப உத்தரவாகியிருந்தது. ஆன்டிபேட்டரின் மகன் கசாண்டர் பாபிலோனுக்கு வந்து, பாரசீகர்கள் விழுந்து வணங்குவதைப் பார்த்துச் சிரித்துவிட, அலெக்சாண்டர் அவருடைய முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினாராம். இன்னொரு மகன் ஐயோலாஸ் அரசருக்கு மது பரிமாறுகிறவர். ஆக நோக்கமும் உண்டு, வாய்ப்பும் உண்டு. அப்புறம் ஆரம்பிக்கிறது கட்டுக்கதை. கிரேக்கத்தின் ஸ்டிக்ஸ் ஆற்றின் தண்ணீர் அவ்வளவு கொடியதாம், கழுதைக் குளம்பில் மட்டும்தான் ஊற்றி எடுத்துவர முடியுமாம், யோசனை கொடுத்தது அலெக்சாண்டரின் பழைய ஆசான் அரிஸ்டாட்டிலாம்!

புளூட்டார்க் ஒரு முக்கியமான விஷயம் சொல்கிறார். செத்த சமயத்தில் யாருக்கும் நஞ்சு சந்தேகம் வரவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் அதைக் காரணம் காட்டிப் பலரைக் கொன்று, செத்துப்போன ஐயோலாஸின் கல்லறையைக் கலைத்தபோதுதான் பேச்சு பெரிதானது. அப்போது ஒலிம்பியாஸுக்கும் கசாண்டருக்கும் நேரடி அதிகாரச் சண்டை. நாட்குறிப்பையும் முழுக்க நம்ப முடியாதுதான், அதை எழுதியதாகச் சொல்லப்படும் அரசவைச் செயலர் யூமெனிஸும் அந்தச் சண்டையில் ஒரு கை. இருந்தாலும் அதில் இருப்பது பத்து நாளுக்கு மேல் இழுத்த காய்ச்சல்தான்.

நவீன மருத்துவர்களுக்கு இது தீராத பொழுதுபோக்கு. 1998-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் டைஃபாய்டு என்றது. 2003-இல் இருவர் பாபிலோனில் காக்கைகள் செத்து விழுந்த சகுனத்தைப் பிடித்துக்கொண்டு வெஸ்ட் நைல் வைரஸ் என்றார்கள். 2014-இல் நியூசிலாந்தின் லியோ ஷெப், நஞ்சுதான் என்றால் வெராட்ரம் என்ற செடியாக இருக்கலாம் என்றார். அது பன்னிரண்டு நாள் இழுக்கும் என்பது அவர் வாதம். ஆனால் அதைச் சாப்பிட்டால் முதலில் வாந்தி வர வேண்டும், நாட்குறிப்பில் இருப்பதோ காய்ச்சல்.

அதே நாட்டின் கேத்தரின் ஹால் சொன்னது எல்லாவற்றிலும் வினோதம். கில்லன்-பாரே என்ற நரம்பு நோயால் உடல் முழுக்கச் செயலிழந்து, உயிர் இருக்கும்போதே செத்தார் என்று அறிவித்துவிட்டார்களாம். நாள் கணக்கில் உடல் அழுகவில்லை என்ற பழைய தகவலை இப்படி விளக்குகிறார். புளூட்டார்க் அதே தகவலை நஞ்சு இல்லை என்பதற்கு ஆதாரமாகக் காட்டினார். பேரரசர்களின் சடலம் அழுகாது என்பது அந்தக் காலத்துப் புகழ்ச்சி வழக்கமாகவும் இருந்திருக்கலாம், அதன் மேல் இவ்வளவு பெரிய மாளிகை கட்ட எனக்கு மனம் வரவில்லை.

என் ஓட்டு மலேரியாவுக்கு அல்லது டைஃபாய்டுக்கு. நோய் வருவதற்குச் சற்று முன்புதான் யூப்ரடீஸ் ஓரத்துச் சதுப்பு நிலங்களில் படகில் சுற்றியிருந்தார். கூடவே நெஞ்சில் பழைய காயம், குடி, ஓய்வே எடுக்காத பிடிவாதம், தடுத்துச் சொல்ல ஆளில்லாத அவை.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, 'என் சவப்பெட்டியை வைத்தியர்கள் சுமக்கட்டும், வெறுங்கை வெளியே தெரியட்டும்' என்று அவர் சொன்னதாக ஒரு கதை, அதைத் தயவுசெய்து இங்கே யாரும் கொண்டுவராதீர்கள். பழைய வரலாற்றாசிரியர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. டியோடோரஸ் விவரிப்பது 64 கோவேறு கழுதைகள் இழுத்த, தங்கத்தால் இழைத்த ஒரு தேர். அதையும் பாதி வழியில் அவருடைய தளபதி தாலமி எகிப்துக்குத் திருப்பிக்கொண்டு போனார்.

நஞ்சுதான் என்று இன்னும் உறுதியாக நம்புகிறவர்கள் தாராளமாக வாதாடலாம். ஆனால் யாருக்கு லாபம் என்பதோடு நிறுத்தாமல், அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.