குடியிருப்பவரோடு சேர்த்து வீடு வாங்கலாமா?

கேள்வி: மதுரையில் கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் உள்ள வீடு 62 லட்சத்துக்கு வருகிறது. வாடகைக்கு விடத்தான் வாங்குகிறேன். கீழ்வீட்டுக்காரர் எட்டு மாதமாக வாடகை தரவில்லை. மாடியில் இருப்பவர் 6 லட்சத்துக்கு லீஸ்; மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். "2 லட்சம் குறைக்கிறேன், காலி செய்ய வைப்பது உங்கள் பொறுப்பு" என்கிறார் விற்பவர். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. வாங்கலாமா?

பதில்: இந்தக் கணக்கில் வாங்காதீர்கள். 2 லட்சத்தைக் குறைத்து, 6 லட்சம் கடனை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார். மாடிக்காரர் காலி செய்யும்போது லீஸ் பணத்தை உங்களிடம்தான் கேட்பார். கைக்குப் பணம் வராமல் சாவி தரமாட்டார். அந்த 6 லட்சத்தையும் கீழ்வீட்டு அட்வான்ஸையும் முதலில் விலையிலிருந்து கழியுங்கள். விலைக் குறைப்பு அதற்கு மேல்தான்.

வில்லங்கச் சான்றை நம்பி இருந்துவிடாதீர்கள். பதிவான பத்திரம்தான் அதில் ஏறும். முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொண்ட லீஸ் ஏறாது. ஆனால் வீட்டில் ஒருவர் குடியிருந்தால், அவருக்குள்ள உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றே சொத்துரிமை மாற்றுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. "விற்றவர் சொல்லவில்லையே" என்பது எடுபடாது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், விற்பவரைக் கூட்டிக்கொள்ளாமல் இரண்டு வீட்டுக்கும் நீங்களே போய்ப் பேசுங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எந்த மாதம் வரை கட்டியிருக்கிறார், ஒப்பந்தம் யார் பெயரில், இந்த வீட்டையே வாங்கக் கிரய ஒப்பந்தம் போட்டிருக்கிறாரா என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது. "எட்டு மாதப் பாக்கி" என்பது, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லி வாடகையை நிறுத்தியதாகவும் இருக்கலாம். அப்படியானால் உங்கள் கைக்கு வர வேண்டிய அட்வான்ஸ் ஏற்கெனவே கரைந்துவிட்டது.

பழைய பாக்கி தானாக உங்களுக்கு வராது. அதே சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி கிரயத்துக்கு முந்தைய வாடகை விற்றவருக்கே சேரும். வேண்டுமென்றால் கிரயப் பத்திரத்தில் தனியாக எழுதி வாங்க வேண்டும். அப்படி வாங்கினாலும், காலி செய்யச் சொல்லி வழக்குப் போட அதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் பெயருக்கு வந்த பிறகு விழும் பாக்கிதான் உறுதியான பிடி.

எங்கள் யோசனை: கீழ்வீட்டைக் காலியாக ஒப்படைத்தால்தான் கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கீழ்வீட்டுக்காரரைக் குடிவைத்தவர் விற்பவர். காலி செய்ய வைப்பதும் விற்பவர் வேலை.

கேள்வி: குடியிருப்பவரோடு சேர்த்து வீட்டை வாங்கி முடித்துவிட்டேன். "உங்களை எனக்குத் தெரியாது, வாடகையைப் பழைய வீட்டுக்காரரிடம்தான் தருவேன்" என்கிறார் குடியிருப்பவர். கரண்டை நிறுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. கரண்ட், தண்ணீரை நிறுத்துவதைத் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் தடை செய்கிறது. நியாயம் அவர் பக்கம் போய்விடும். கிரயம் ஆனதைத் தெரிவிக்காதவரை அவர் பழையவரிடம் கொடுத்த வாடகை செல்லும், மறுபடி கேட்க முடியாது. எனவே இன்றே பத்திர நகல், உங்கள் வங்கிக் கணக்கு எண், விற்றவர் கையெழுத்திட்ட கடிதம் மூன்றையும் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அடுத்து, எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை ஆணையத்தில் பதியக் கூப்பிடுங்கள். ஒப்பந்தத்துக்கு வர மறுப்பதும், இரண்டு மாதப் பாக்கியும் 2017 சட்டத்தின் 21ஆம் பிரிவில் வெளியேற்றக் காரணங்கள். பாக்கி கேட்டு நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணம் நிற்காது. கட்டாவிட்டால் நோட்டீஸ் கிடைத்ததற்கான ஒப்புகையோடு வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள்.