பிள்ளை வீட்டில் இல்லையா? முதலில் போலீஸ், அப்புறம்தான் மற்றதெல்லாம்

கேள்வி: டர்பன் பக்கம் பீனிக்ஸில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. அக்கா மகனுக்கு வயது 16. ஒரு சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் படுக்கை காலி, சமையலறைக் கதவு பூட்டாமல் வெறுமனே சாத்தியிருந்தது. 24 மணி நேரம் ஆகாமல் போலீஸில் புகார் எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று அத்தானும் தயங்கினார். ஞாயிறு மாலைதான் புகார் கொடுத்தோம். வியாழக்கிழமை அவனே திரும்பி வந்துவிட்டான். எங்கே இருந்தான், ஏன் போனான் என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளில் நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? இனி என்ன செய்வது? (லெனேஷியாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பையன் வந்து சேர்ந்தானே, அதுவே பெரிது. உங்களுக்கு இப்போது அவசரம் இரண்டாவது கேள்விதான். ஆனாலும் முதல் கேள்விக்கான பதில் தெரியாமல் பல வீடுகள் தடுமாறுகின்றன, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த 24 மணி நேரக் கதை வெறும் வதந்தி. தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரு விதியே கிடையாது. காணவில்லை என்று தெரிந்த நிமிடமே புகார் கொடுக்கலாம். உங்கள் பகுதி நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போகலாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரே 'நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்புவதும் நடக்கத்தான் செய்கிறது. அப்படிச் சொன்னால் சண்டை போடாதீர்கள், அதற்காக வீட்டுக்குத் திரும்பியும் போகாதீர்கள். அவர் பெயரையும் பதவியையும் எழுதிக்கொண்டு, ஸ்டேஷன் கமாண்டரைப் பார்க்க வேண்டும் என்று நிதானமாகக் கேளுங்கள். பையன் மைனர் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி 18 வயது நிறையாதவர் எல்லாரும் குழந்தைதான், மீசை முளைத்திருந்தாலும்.

போகும்போது அண்மையில் எடுத்த படம் ஒன்று வேண்டும். பள்ளியில் டை கட்டி நிற்கும் படம் வேண்டாம். இப்போது முடி எப்படி வெட்டியிருக்கிறான், கண்ணாடி போட்டிருக்கிறானா என்பது தெரிகிற படமாக இருக்கட்டும். எஸ்.ஏ.பி.எஸ். (தென்னாப்பிரிக்கப் போலீஸ்) 55(ஏ) என்ற படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். படத்தையும் விவரத்தையும் பரப்பப் போலீஸுக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி அது. இது பொய்ப் புகார் அல்ல என்ற உறுதியும் அதில் அடக்கம். பதிவு எண், விசாரணை அதிகாரியின் பெயர், அவர் கைப்பேசி எண், இந்த மூன்றும் கையில் இல்லாமல் சார்ஜ் ஆபீஸை, அதாவது புகார் எடுக்கும் அறையை, விட்டு வெளியே வராதீர்கள்.

ஒருவர் போலீஸுக்குப் போகும்போது வீட்டில் இருப்பவர்கள் வீட்டையே முழுதாகப் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள். சீலிங்குக்கு மேல், காரின் பூட், பின்னால் வாடகைக்கு விட்டிருக்கும் அவுட்பில்டிங் என்று எதையும் விடக் கூடாது. குடியிருப்பவரைத் தட்டி எழுப்பிக் கேளுங்கள். ஆனால் பையனின் அறையை மட்டும் ஒதுங்க வைக்காதீர்கள். விருந்தாளி வரப்போகிறார்கள் என்று அம்மாமார் முதலில் செய்வதே போர்வையை மடித்து, துணிகளைத் துவைக்கப் போடுவதுதான். அவன் போட்டுக் கழற்றிய துணியில்தான் மோப்ப நாய்க்கு வேண்டிய வாசனை இருக்கிறது. பல் துலக்கும் பிரஷிலும் சீப்பிலும் டி.என்.ஏ. இருக்கிறது. காணாமல் போனவர்களுக்கென்றே தேசிய டி.என்.ஏ. தரவுத்தளத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. அந்த நிலைக்குப் போகவே வேண்டாம் என்றுதான் எல்லாரும் வேண்டிக்கொள்வோம். ஆனாலும் பிரஷைக் கழுவி வைத்துவிட்டால் பிறகு அதில் எதையும் எடுக்க முடியாது.

அறையில் நின்று, தொடாமல், எது இல்லை என்று மட்டும் பாருங்கள். சார்ஜர் இல்லை, இரண்டு டி-ஷர்ட் இல்லை, ஐ.டி. அட்டையும் இல்லை என்றால் யோசித்துக் கிளம்பியிருக்கிறான். போன் மேசையிலேயே கிடக்கிறது, செருப்புகூட இருக்கிறது, பர்ஸ் இருக்கிறது என்றால் அது வேறு விஷயம், அதிக ஆபத்தான விஷயம். தினமும் போடும் மாத்திரை இங்கேயே இருந்தாலும் சரி, அம்மாவின் தூக்க மாத்திரை டப்பா காணாமல் போயிருந்தாலும் சரி, உடனே அதிகாரியிடம் 'உயிருக்கு ஆபத்து இருக்கலாம்' என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். இதற்குக் காரணம் உண்டு. போன் எந்தக் கைப்பேசிக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறது என்று அவசர நேரத்தில் தெரிந்துகொள்ள, தொலைத்தொடர்புகளை இடைமறிப்பதற்கான ரிக்கா சட்டத்தின் 8ஆம் பிரிவு போலீஸுக்கு வழி கொடுக்கிறது, ஆனால் உயிர் ஆபத்தோ படுகாயமோ என்றால்தான். சாதாரணமாக அழைப்புப் பதிவுகளை எடுக்க நீதிமன்ற வழியில் அழைப்பாணை வாங்க வேண்டும், அதற்கு நாளாகும். சிம் உங்கள் அக்கா பெயரிலோ அத்தான் பெயரிலோ இருந்தால் அந்தக் கணக்கின் அழைப்புப் பட்டியலை அவர்களே நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்தே இருக்கலாம், கூகுள் கணக்கில் போன் இருக்குமிடம் தெரியலாம். பாருங்கள், படம் பிடித்து வையுங்கள். எதையும் அழிக்காதீர்கள், அவன் பெயரில் யாருக்கும் பதில் போடாதீர்கள். பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்துப் போனைப் பூட்டிவிடுவது வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. அவன் பேரில் வங்கிக் கணக்கு இருந்தால் கடைசியாக எங்கே பணம் எடுக்கப்பட்டது என்று வங்கியில் கேளுங்கள்.

இனி கொஞ்சம் கசப்பான பேச்சு. நம் குடும்பங்களிடம் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல், போலீஸிடம் பாதியைச் சொல்வதுதான். 'நல்ல பையன் சார், வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை' என்பார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பாவுக்கும் மகனுக்கும் நடந்த சண்டை தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒரு பெண்ணோடு பழக்கம், கணக்கில் ஃபெயில், சித்தப்பா வீட்டில் காணாமல் போன பணம், எதுவும் வாயில் வராது. பெரிய பெண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். அதிகாரி அப்புறம் என்ன செய்வார்? வெளியாள் கடத்தினான் என்ற திசையில் தேடுவார். பையன் இரண்டு தெரு தள்ளி ஒரு நண்பன் வீட்டு மாடியில் படுத்திருப்பான்.

சுகர்ஸ் விஷயமும் இதே கதைதான். மட்டமான ஹெராயினில் கண்டதையும் கலந்து விற்கும் இந்தச் சரக்கு 2000களின் நடுவில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் தலைகாட்டியது, இப்போது பீனிக்ஸிலும் யாருக்கும் புதிதல்ல. மகனுக்கு அந்தப் பழக்கம் இருக்குமோ என்று ஒரு சந்தேகம் இருந்தால்கூட வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவனை எங்கே தேடுவது என்பதே அதை வைத்து மாறிவிடும். கூட்டத்துக்கு நடுவில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனி அறையில் பேசலாமா என்று அதிகாரியைக் கேட்கலாம், அது உங்கள் உரிமை. வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேச விடுவது இன்னும் நல்லது. தங்கைக்கோ தம்பிக்கோ பெரும்பாலும் ஏதாவது தெரிந்திருக்கும். அப்பா பக்கத்தில் நின்றால் அது வெளியே வராது.

நண்பர்களை விசாரிக்கும் வேலையையும் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆன்ட்டி கேட்டால் 'தெரியாது' என்பான், 20 வயது ஒன்றுவிட்ட அண்ணன் கேட்டால் அரை மணி நேரத்தில் உண்மை வரும். பிளேஸ்டேஷனில் யாரோடு விளையாடினான், இன்ஸ்டாகிராமில் இன்னொரு கணக்கு வைத்திருந்தானா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இதில் ஒன்றைக் குறிப்பாகக் கேட்கச் சொல்லுங்கள்: யாராவது அவனுடைய அந்தரங்கப் படத்தை வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டினார்களா? பெண் பெயரில் பேசி, படம் வாங்கி, பிறகு மிரட்டும் கும்பல்கள் பதின்வயதுப் பையன்களைத்தான் அதிகம் குறிவைக்கின்றன. இப்படி மாட்டிக்கொண்ட பையன் அவமானத்தில் எதையும் செய்துகொள்ளக்கூடும். அப்படி ஒரு தடயம் கிடைத்தால் பணம் அனுப்பக் கூடாது, உரையாடலை அழிக்கக் கூடாது. அப்படியே போலீஸிடம் காட்டுங்கள். அனுமதியில்லாமல் அந்தரங்கப் படத்தைப் பரப்புவது சைபர் குற்றங்கள் சட்டப்படி குற்றம்.

கடைகளில் கேமரா இருக்கும். படத்தை உங்களிடம் கொடுக்க மறுத்தால் கோபப்பட வேண்டாம், மற்றவர்களின் தனியுரிமைக்கான போப்பியா சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் பல கேமராக்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அதனால் 'அழித்துவிடாதீர்கள், போலீஸ் வந்து கேட்கும்' என்று அன்றைக்கே எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். மினிபஸ் டாக்சி ரேங்க், டர்பனில் வார்விக் பக்கம், ஜோகன்னஸ்பர்க் பஸ்கள் நிற்கும் இடம், இங்கெல்லாம் நேரில் படத்தோடு போக வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான். நினைவில்லாமல் கொண்டுவரப்பட்டவர் பெயர் தெரியாதவராகத்தான் பதிவாகியிருப்பார், போனில் பெயர் சொல்லிக் கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும்.

குறி கேட்கப் போகிறவர்களைத் தடுக்க என்னால் முடியாது. மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மனிடம் மனம் விட்டு அழுதால் தாய்க்குத் தெம்பு வரும் என்றால் போகட்டும். ஆனால் அம்மா கோயிலுக்குப் போகும் நேரத்தில் அப்பா நிலையத்தில் இருக்க வேண்டும். 'வடக்கே இருக்கிறான்' என்று சாமியாடி சொன்னதற்காகத் தேடும் ஆட்களை எல்லாம் ஒரே பக்கம் அனுப்பிவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் போஸ்டர் போடும்போது பதிவு எண்ணும் அதிகாரியின் எண்ணும் இருக்கட்டும், உங்கள் எண் வேண்டாம். உங்கள் எண்ணைப் போட்டால் 'பையன் எங்களிடம் இருக்கிறான், இ-வாலட்டில் பணம் அனுப்பு' என்று யாராவது கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடுபவரிடம், பையனுக்கும் வீட்டாருக்கும் மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். திணறினால் ஏமாற்றுக்காரன். எப்படியிருந்தாலும் அந்த எண்ணைப் போலீஸுக்குக் கொடுங்கள். போஸ்டரில் யார்மேலும் சந்தேகம் எழுதாதீர்கள். தெருவே திரண்டு ஒருவரை அடித்துவிட்டால் அது தனி வழக்காகிவிடும். மிஸ்ஸிங் சில்ட்ரன் சவுத் ஆப்ரிக்கா என்ற அமைப்பு போஸ்டர் தயாரிப்பதிலும் பரப்புவதிலும் உதவுகிறது, எண் 072 647 7464. போலீஸ் அவசர எண் 10111, துப்புக் கொடுக்க 08600 10111.

இப்போது உங்கள் பையனுக்கு வருகிறேன்.

திரும்பி வந்த பிள்ளையிடம் வாசலிலேயே 'எங்கேடா போனே?' என்று தொடங்குவது இயல்பு. தொடங்கியிருப்பீர்கள், சரி. இனிமேல் நிறுத்துங்கள். அடித்துக் கேட்கலாம் என்று அத்தான் நினைத்தால், 2019 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் வீட்டில் பெற்றோர் அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பையும் நீக்கிவிட்டது என்று சொல்லுங்கள். சட்டத்தை விடுங்கள், அடித்தால் அடுத்த முறை வியாழக்கிழமை வர மாட்டான்.

சொல்லாமல் இருப்பதற்கு மூன்று காரணங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இடம் கொடுத்த நண்பனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாதது. மிரட்டல். மூன்றாவது, அவனுக்கு யாரோ ஏதோ செய்திருப்பது, பையன்களுக்கும் இது நடக்கும். இந்த மூன்றாவதற்காகத்தான் மருத்துவரை உடனே பார்க்கச் சொல்கிறேன். பாலியல் கொடுமை நடந்திருந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்த நேரம் கடந்திருந்தாலும் போகத்தான் வேண்டும், மற்றப் பரிசோதனைகளும் ஆலோசனையும் இருக்கின்றன. பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களுக்கான துதுசெலா மையங்களில் மருத்துவம், ஆலோசனை, போலீஸ் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். பீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையில் அப்படி ஒரு மையம் உண்டு. மருத்துவர் அவனைத் தனியாகப் பார்க்கட்டும், அக்கா வெளியே உட்காரட்டும்.

அவனிடம் இரண்டே விஷயம் கேட்கலாம். இப்போது உனக்கு யாரிடமாவது பயம் இருக்கிறதா? திரும்பப் போக வேண்டும் என்று தோன்றுகிறதா? மற்றது எல்லாம் அவன் நேரத்தில் வரும், உங்களிடம்தான் வர வேண்டும் என்றும் இல்லை. மாமாவிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேசலாம். குழந்தைகளுக்கான உதவி அமைப்பான சைல்ட்லைனின் 116 எண்ணுக்கு அவனே இலவசமாகக் கூப்பிடலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. சமூகப் பணியாளர் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவனுக்கு வீட்டில் ஆபத்து என்று தெரிந்தால்தான் அந்தப் பேச்சே வரும். அவசரத்தில் நீதிமன்ற ஆணை இல்லாமல் அழைத்துப்போனாலும் அடுத்த வேலைநாளுக்குள் விஷயம் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும்.

ஒரு வேலை பாக்கி இருக்கும் என்று நினைக்கிறேன். பையன் வந்துவிட்டான் என்று புகார் கொடுத்த நிலையத்தில் முறையாகச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் அவன் பெயர் இன்னும் தேடப்படுவோர் பட்டியலில்தான் இருக்கும், நாளை எந்த ரோடு பிளாக்கிலும் நிறுத்தப்படலாம். பையனையும் அழைத்துக்கொண்டு போய்ப் பதிவை மூடச் சொல்லுங்கள். போஸ்டர் போட்ட குழுக்களில் அதை நீக்கச் சொல்லி, 'பத்திரமாக இருக்கிறான், நன்றி' என்று ஒரு வரி போதும். எங்கே இருந்தான் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கும் 'குடும்ப விஷயம்' என்றால் போதும், முதல்வரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, வகுப்பில் யாரும் கேட்டுத் துளைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.